யாரும் குடிக்காத தண்ணீர்

எங்கள் பள்ளிக் கால்பந்து அணியின் கேப்டன் மீது நான் ஒரு பொய் சொன்னேன். அதனால் அவன் படிப்பு நின்றது. அவனுக்கு வரவிருந்த வேலை எனக்கு வந்தது. முப்பது வருஷம் அந்தச் சம்பளத்தில்தான் சாப்பிட்டேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி. தென்காசி மிஷன் பள்ளியில் நாங்கள் கடைசி வகுப்பு. தலைமையாசிரியர் ஒரு வெள்ளைக்காரத் துரை. ஜெயிப்பது அவருக்கு இரண்டாம்பட்சம். கேப்டன் என்பவன் மற்றவர்களுக்குப் பணிவிடை செய்கிறவன் என்பார். இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவியதை அடிக்கடி சொல்வார். அதற்கென்று ஒரு சட்டமும் வைத்திருந்தார். ஆட்டத்தின் இடைவேளையில் கேப்டன்தான் பானையிலிருந்து தண்ணீர் மோந்து ஒவ்வொருவனுக்கும் கொடுக்க வேண்டும். பத்துப் பேரும் குடித்த பிறகுதான் அவன் குடிக்கலாம்.

அந்த ஆண்டு குற்றாலத்தில் ஒரு பங்களாவில் எங்களுக்கு மூன்று நாள் முகாம். கடைசி நாள் துரை கேப்டனை அறிவித்தார். நான்தான் என்று இருந்தேன். அவர் சொன்னது சேரியிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒருவனை. எனக்குத் துணைக் கேப்டன் பதவி.

அவன் தகுதியைப் பற்றி எனக்கே சந்தேகம் இல்லை. பந்தின் தையல் விட்டால் ஊசியோடு உட்காருபவன் அவன். வெறுங்காலில் ஆடும் எங்களுக்கு முள் ஏறினால், காலை மடியில் வைத்து எடுத்துவிடுபவனும் அவன். என் காலிலிருந்தும் எடுத்திருக்கிறான். முள் எடுக்க அந்தக் கை எங்களுக்கு ஆயிற்று. தண்ணீர் கொடுக்க ஆகவில்லை. என் தாத்தா ஞானஸ்நானம் வாங்கியபோது சாதியையும் கூடவே எடுத்துக்கொண்டு வந்தவர். வீட்டில் ஞாயிறு தவறாமல் ஜெபமும் நடக்கும், சேரிக்காரர்களுக்குக் கொல்லைப்புறத்தில் தனிச் செம்பும் இருக்கும்.

பங்குனி வெயிலில் செங்கோட்டைப் பள்ளியோடு ஆட்டம். அவன் கிணற்றுக்குப் போயிருந்த நேரத்தில் மற்றவர்களைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“இண்டர்வெல்ல எவனும் அவன் கையால தண்ணி வாங்கப்படாதுலே. வீட்டுக்குத் தெரிஞ்சா நான் பொறுப்பில்ல.”

“தாகத்துல செத்துற மாட்டமால?” என்றான் ஒருவன்.

“எச்சிய முழுங்கு.”

சிரித்தார்கள்.

இடைவேளையில் அவன் தம்ளரோடு முதலில் என்னிடம் வந்தான். வேண்டாம் என்றேன். அடுத்தவனும் வேண்டாம் என்றான். விடுதிப் பையன்கள் இருவர் கை நீட்டப் போய், எங்கள் முகத்தைப் பார்த்து இழுத்துக்கொண்டார்கள். பத்தாவது ஆளும் தலையசைத்த பிறகு, அவன் அந்தத் தண்ணீரைப் பானைக்குள்ளேயே ஊற்றித் தட்டால் மூடினான். யாரும் குடிக்காததால் அவனும் குடிக்கவில்லை. சட்டத்தை அவன் மீறவில்லை.

இரண்டாம் பாதியில் எங்கள் முன்வரிசைப் பையன் ஒருவன் மயங்கி விழுந்தான். மூன்று கோல் வாங்கித் தோற்றோம். துரை ஓடிவந்து பானையைத் திறந்தார். நிறைய இருந்தது. ஏன் யாரும் குடிக்கவில்லை என்று கேட்டார்.

நல்ல இங்கிலீஷில் நான் பதில் சொன்னேன்: கேப்டன் கொடுக்கவில்லை, ஜெயித்தால்தான் தண்ணீர் என்று சொல்லிவிட்டான்.

மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். துரை அவனைப் பார்த்து, உண்மையா என்றார். அவன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

அவனை மிஷன் செலவில் சென்னைக்கு அனுப்பி, உடற்பயிற்சி படிக்கவைத்து, டிரில் மாஸ்டராக்குவதென்று துரை ஏற்பாடு செய்திருந்தார். தாகத்தில் நிற்கிறவனுக்குத் தண்ணீர் மறுப்பவனிடம் பிள்ளைகளை ஒப்படைக்க முடியாது என்று அதை மாற்றினார். நான் போனேன். அவன் அந்த வாரமே விடுதியை விட்டுப் போய்விட்டான்.

படித்து முடித்து அதே பள்ளிக்கு டிரில் மாஸ்டராக வந்தேன். ஆண்டுதோறும் புதிய கேப்டனுக்கு அந்தச் சட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். பதினாறு ஆண்டு சொன்னேன். அதற்கு மேல் வாய் வரவில்லை.

அவனைத் தேடிப் போனேன். செங்கோட்டை ரயிலடியில் மரம் ஏற்றிக்கொண்டிருந்தான். மன்னிப்புக் கேட்டேன். தோள் துண்டை உதறிப் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தான். அன்று ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டேன்.

“என்னத்தச் சொல்லச் சொல்லுதீரு? இவனுவ என் கையால குடிக்க மாட்டானுவன்னு என் வாயாலயே சொல்லணுமா?”

அடுத்த மரத்துக்குக் குனிந்தபடி, “என்கிட்ட சொல்லி என்ன வே? அன்னைக்கு பொய்யக் கேட்டவங்ககிட்ட சொல்லும்” என்றான்.

துரை சீமைக்குப் போயிருந்தார். கடிதம் எழுதினேன், பதில் இல்லை. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை முன் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். கூட ஆடியவர்கள் நாலு பேர் அங்கே இருந்தார்கள். எனக்கு அழுகை வந்தது, பலரும் அழுதார்கள். அடுத்த ஞாயிறு போதகர் தாழ்மைக்கு என்னையே உதாரணம் காட்டிப் பிரசங்கம் செய்தார். அந்த ஆண்டு சபைக் கமிட்டியில் என்னை ஒருமனதாகச் சேர்த்தார்கள். செங்கோட்டைக்குப் போய் அவனைப் பார்த்துவிட்டு வருவோம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

நான் போனபோது அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

“கோயில்ல அழுதீராமே. கமிட்டிலயும் போட்டிருக்காவளாம். நல்லா பேரு வாங்கிட்டீரு.”

கிளம்பப் பார்த்தேன். அவன் விடவில்லை.

“எம் மவன் அஞ்சு பாஸ் பண்ணிருக்கான். ஒங்க ஹாஸ்டல்ல எடம் இல்லேன்னுட்டாவ. கமிட்டிக்காரருதான, கேட்டுச் சொல்லும்.”

துரை போன பிறகு விடுதியை நடத்தியது சபைக் கமிட்டியில் இருந்த எங்கள் சாதிக்காரர்கள். கமிட்டியில் கேட்டேன். என் நல்ல மனசைப் பாராட்டினார்கள். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதில் பெற்றோர் சிலருக்குச் சங்கடம் இருக்கிறது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த வருஷமும் கேட்டேன். அதே பதில். அந்தப் பையன் கடையநல்லூரில் தறி வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். மூன்றாம் வருஷம் நான் கேட்கவில்லை. கமிட்டியிலிருந்து விலகவும் இல்லை.