பன்னிரண்டு சின்னக் கட்டில்கள்

தாம்பரத்துக்குத் தெற்கே அந்த ஆஸ்பத்திரியின் வாசலில் பெரிய டாக்டரின் மார்பளவுச் சிலை இருக்கிறது. உள்ளே போகிறவர்கள் அதன் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுகிறார்கள். நான் கழற்றுவதில்லை. அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

அறுபதுகளின் கடைசி. எனக்கு எட்டு வயது. ஆஸ்பத்திரி அப்போது இரண்டு ஓட்டுக் கட்டடமும் ஒரு கிணறும்தான். அம்மா அங்கே நர்ஸ். அப்பாவுக்கு வேலை போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸ் ஆஸ்பத்திரியுடையது.

வெளிநாட்டுச் சபை ஒன்று குழந்தைகள் வார்டுக்கென்று பன்னிரண்டு கட்டில் கொடுத்திருந்தது. குழந்தைகள் அளவுக் கட்டில். ஆனால் சுற்றுப்புற ஊர்களிலிருந்து வந்து வாசலில் நின்றவர்கள் டி.பி. வந்த பெண்கள். அவர்களைத் திருப்பி அனுப்பப் பெரிய டாக்டருக்கு மனம் வரவில்லை. அந்தக் கட்டில்களிலேயே படுக்க வைத்தார். மாதக்கணக்கில் முழங்காலை மடக்கிக்கொண்டே கிடந்தார்கள்.

அப்புறம் ஒரு கடிதம் வந்தது. சபையார் குழந்தைகள் வார்டைப் பார்க்க வருகிறார்கள். பார்த்துத் திருப்தியானால் பெண்களுக்கும் ஒரு பெரிய வார்டு கட்டித் தருவார்கள். கொடுத்த கட்டிலில் வேறு ஆள் படுத்திருப்பது தெரிந்தால் ஒன்றும் தரமாட்டார்கள். உண்மையைச் சொல்லிப் பார்த்திருக்கலாம். பெரிய டாக்டர் சொல்லவில்லை. ஊழியர் வீடுகளில் எத்தனை பிள்ளைகள் என்று எண்ணினார்.

சபையார் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் எங்கள் வாசலுக்கே வந்தார்.

"ஒரு மணி நேரம்தான் சிஸ்டர். மெத்தையெல்லாம் வெயில்ல போட்டாச்சு. ஷீட் புதுசு. பாப்பா சும்மா படுத்திருந்தா போதும்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா கூரையைப் பார்த்தார். "சரி டாக்டர்" என்றாள் அம்மா. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

மறுநாள் காலை பெண்களை எழுப்பிப் பின்பக்கத்துச் சவுக்குத் தோப்புக்கு அனுப்பினார்கள். ஏழாம் கட்டில்காரி மட்டும் நகரவில்லை. செம்பாக்கத்தில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவள். வாய் அதிகம்.

"இன்னா சிஸ்டர், செத்தாதான் பெட்டை வுட்டு எழுப்புவீங்கன்னு பார்த்தா, உசுரோட கீறப்பவே எழுப்புறீங்களே?"

"கொஞ்ச நேரம்தான் அக்கா. புது வார்டு வந்தா கால் நீட்டிப் படுக்கலாம்" என்றாள் அம்மா.

அவள் என்னைப் பார்த்தாள். "உன் பொண்ணா?" என்றாள். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். அந்தப் பெண் அதற்குமேல் வாயாடவில்லை. இரண்டடி தள்ளி நின்று என்னிடம் சொன்னாள்: "பாப்பா, தலவாணி கீழ என் சீப்பு கீது, தொடாதே. தலவாணில மூஞ்சிய வெக்காதே. மல்லாக்கப் படு, இன்னா?"

ஒரு சீப்புக்கு இத்தனை கஞ்சத்தனமா என்று நினைத்துக்கொண்டேன்.

கட்டில் எனக்கு அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. பெரிய டாக்டரின் மகள் என் வகுப்புதான். அவளுக்குக் கட்டில் கிடைக்கவில்லை. வெள்ளைக் கவுன் போட்டு, கையில் ரோஜாச் செண்டைக் கொடுத்து, வெளியே படியில் நிற்க வைத்திருந்தார்கள். பாவமாக இருந்தது. சொந்த அப்பாவே அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லையே.

சபையார் வந்தார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மாள் என் கட்டில் பக்கம் குனிந்து ஏதோ கேட்டாள். சும்மா படுத்திருக்கச் சொன்னதை நான் மறந்துவிட்டேன். வார்டுப் பெண்கள் எப்படி இருமுவார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். முதலில் சின்னதாக இரண்டு. அப்புறம் அடிவயிற்றிலிருந்து ஒன்று. பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படியே செய்தேன். அந்த அம்மாள் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். பெரிய டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் என்னமோ சொன்னார்.

எல்லாம் முடிந்ததும் எங்களுக்கு ஆளுக்கொரு பன். நான் பாதியைப் பிய்த்துக்கொண்டுபோய் டாக்டர் மகளிடம் நீட்டினேன். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"வார்டுல படுத்தவங்ககிட்ட எதுவும் வாங்கக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்கார்."

கட்டில் கிடைக்காத பொறாமை என்று நினைத்து அதையும் நானே தின்றேன்.

வார்டு வந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நானும் பொய்க்காரிதான். ஒரு வருஷம் கழித்து ஏழாம் கட்டில்காரி முழுக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். "பார்த்தியா பாப்பா, உன் இருமல்ல கட்னது" என்று சிரித்தாள். குணமாகி நடந்தே ஊருக்குப் போனாள். அப்புறம் எக்ஸ்ரே வந்தது, ஆபரேஷன் தியேட்டர் வந்தது, மாடிமேல் மாடி வந்தது. எல்லாம் அவர் கட்டியதுதான். சிலையும் வந்துவிட்டது.

நான் சொல்ல வந்தது அதுவல்ல. கட்டிலில் படுத்த அன்று சாயங்காலம் அம்மா என்னை வீட்டுக்குள் விடாமல் கிணற்றடியில் நிறுத்தி, தோல் எரியத் தேய்த்தாள். என் பாவாடை சட்டையைக் கொதிக்கும் நீரில் போட்டாள். மறுநாளிலிருந்து தினமும் சாயங்காலம் என் நாக்குக்கடியில் தெர்மாமீட்டர் வைத்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதல் வேலை அதுதான். எனக்கு ஒரே குஷி. அம்மாவுக்கு என்னோடு விளையாட எப்போதும் நேரம் இருந்ததில்லை. இப்போது தினமும் ஆஸ்பத்திரி விளையாட்டு.

ஒரு நாள் அவள் ஜன்னல் வெளிச்சத்தில் தெர்மாமீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நாளாக அம்மா சிரிக்கவே இல்லை. சிரிக்க வைக்கலாம் என்று இருமிக் காட்டினேன். முதலில் சின்னதாக இரண்டு. அப்புறம் அடிவயிற்றிலிருந்து ஒன்று. நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

தெர்மாமீட்டர் கீழே விழுந்து உடைந்தது. பாதரசம் குட்டிக் குட்டி உருண்டைகளாகத் தரையில் ஓடியது. அம்மா சுவரோரமாக அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரிப் பொருளை உடைத்துவிட்டோமே என்றுதான் அழுகிறாள் என்று நினைத்தேன்.

"பெரிய டாக்டர்கிட்ட நான் சொல்றேம்மா" என்றேன். "அவருக்கு என்னைப் பிடிக்கும்."