கடைசியாகக் குடித்தவர்

வெள்ளிப் பூச்சு உரிந்துபோன ஒரு கிண்ணம். புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டில் நாங்கள் வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட மண்டபத்தில், மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்தில் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்த பிறகு போதகர் அதில் திராட்சைரசம் ஊற்றி முன்வரிசையில் கொடுப்பார். ஒருவர் ஒரு வாய் குடித்து, விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்து, கொஞ்சம் திருப்பி, அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். அப்படியே வரிசை வரிசையாகப் பின்னால் போகும். பிள்ளைகளே, நீங்கள் அதைக் கண்டிருக்க மாட்டீர்கள். உங்களுக்கு விபரம் தெரியுமுன்பே அது அலுமாரிக்குள் போய்விட்டது. அதை அங்கே வைத்தவர்களில் நானும் ஒருவன்.

அந்தக் கிண்ணத்தில் எப்போதும் கடைசியாகக் குடித்தவர், சபையின் வான் வண்டியை ஓட்டிய வான் அண்ணை. ரூஜ், விட்பி என்று சுற்றி வயதானவர்களை ஏற்றிவந்து வாசலில் இறக்குவார். பிறகு தூரத்தில் வானை நிறுத்திவிட்டு, சப்பாத்தில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டு வந்து கடைசிக் கதிரையில் இருப்பார். ஊர்த் தேவாலயத்தில் அவருடைய ஆட்களுக்குப் பின்வரிசை வாங்கு தனியாக இருந்ததாம். "இஞ்ச நானாத்தான் பின்னுக்கு இருக்கிறன் தம்பி, ஒருத்தரும் இருத்தேல்லை" என்று சிரிப்பார். அவர் என்ன சாதி என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. "ஊரில எவடம்?" என்ற ஒரு கேள்வியிலேயே நாங்கள் அதை அறிந்துகொள்வோம்.

பதினொரு வருடம் இப்படிப் போனது. ஒரு ஞாயிறு, நிருபம் வாசிக்க வேண்டியவர் வரவில்லை. போதகர் வான் அண்ணையை முன்னுக்கு அழைத்தார். கிறிஸ்துவுக்குள் யூதன், கிரேக்கன் என்றில்லை, அடிமை, சுயாதீனன் என்றில்லை, எல்லோரும் ஒன்றுதான் என்று பவுல் கலாத்தியருக்கு எழுதிய பகுதி. அவசரப்படாமல் வாசித்தார். அந்த முதல் சபைகளில் அடிமையும் எசமானும் ஒரே பந்தியில் இருக்க வேண்டியிருந்தது, அது லேசான காரியமில்லை என்று போதகர் விளக்கினார். நாங்கள் தலையாட்டினோம். வாசித்தவர் முன்வரிசையிலேயே இருந்துவிட்டதால், அன்று கிண்ணம் முதலில் அவர் கைக்குப் போனது.

அவருக்குப் பக்கத்திலிருந்த அன்ரி விளிம்பைத் துடைத்தார். திரும்பவும் துடைத்தார். குடிக்காமலே அடுத்தவரிடம் கொடுத்தார். இரண்டாம் வரிசையில் நான் இருந்தேன். கிண்ணத்தை உயர்த்தி, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, குடித்ததுபோல இறக்கினேன். யோசித்துச் செய்யவில்லை, வாய் தானாக மூடிக்கொண்டது. அதை நினைக்கத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அடுத்த கிழமை சபைக் குழுக் கூட்டத்தில் அதே அன்ரி சொன்னார்: "விண்டர் வருது, ஃப்ளூ பரவும். ஆளுக்கொரு சின்னக் கப் எடுப்பம்." கை தூக்கச் சொன்னார்கள். எங்களை வீட்டில் கொண்டுபோய் விடுவதற்காக வான் அண்ணை கதவடியில் காத்திருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டே நான் கை தூக்கினேன்.

திரும்பும்போது மற்றவர்கள் எல்லோரும் இறங்கிய பிறகு கேட்டார். "காய்ச்சலுக்குப் பயமோ தம்பி?"

"ஓம் அண்ணை. சின்னப் பிள்ளையளும் இருக்குதுகள்..."

"பதினொரு வருசமா நானெல்லோ கடைசியாக் குடிச்சனான். உங்கள் எல்லாற்ற தடிமன் காய்ச்சலும் எனக்குத்தானே வந்திருக்க வேணும்? ஒரேயொரு நாள் முன்னுக்குக் குடிச்சன், உடன எல்லாருக்கும் காய்ச்சல் பயம் வந்திட்டுது."

சிரித்தார். என்ன செய்வதென்று தெரியாமல் நானும் சிரித்தேன். "இறங்கும், வீடு வந்திட்டுது" என்றார்.

அதன் பிறகும் அவர் வான் ஓட்டினார். ஆனால் முதல் ஞாயிறுகளில் உள்ளே வரமாட்டார். ஹீற்றரைப் போட்டுக்கொண்டு வானுக்குள்ளேயே இருப்பார். ஒருவரும் போய்க் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை. மூன்றாம் குளிர்காலத்தில் படுக்கையில் விழுந்தார். மன்னிப்புக் கேட்பதற்கென்றே ஆஸ்பத்திரிக்குப் போனேன். போய், ரோட்டில் கொட்டிக் கிடக்கும் பனியைப் பற்றியும், ஸ்ரௌவ்வில் பக்கம் எழும்பும் புது வீடுகளைப் பற்றியும் கதைத்துக்கொண்டிருந்தேன். "சொல்ல வந்ததைச் சொல்லும்" என்றார். "ஒண்டுமில்லை அண்ணை, நீங்கள் படுங்கோ" என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். நான்காம் நாள் போய்விட்டார். செத்தவீட்டில் அன்ரி விம்மி விம்மி அழுதார். அது நடிப்பில்லை. அதைத்தான் என்னால் இன்னும் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

போன மாதம் எங்கள் மூத்தவள் முதன்முதலாகத் திருவிருந்து எடுத்தாள். சின்னப் பிளாஸ்ரிக் கப்பை விரல்நுனியில் பிடித்து, "சோ கியூட் அப்பா" என்று என் காதுக்குள் சொன்னாள். காரில் ஏறிய பிறகு கேட்டாள்: "வொய் எல்லாருக்கும் தனித்தனிக் கப்? ஜீசஸ் ஒரே கப்தானே குடுத்தவர்?"

"ஃப்ளூவுக்காகப் பிள்ளை" என்றேன். அவள் சரியென்று தலையாட்டிவிட்டுப் போனைப் பார்க்கத் தொடங்கினாள்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். ஃப்ளூ இல்லை, பிள்ளைகளே. அந்த மனுசன் குடித்த கிண்ணத்தில் குடிக்க உங்கள் அப்பாவுக்கு மனம் வரவில்லை.