அரைமுகத்தக்கா

அந்தத் தெருவில் போய் அவளுடைய பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. "அரைமுகத்தக்கா" என்று கேளுங்கள், பத்துப் பேர் தையல் கடைக்கு மேலே கையைக் காட்டுவார்கள். பட்டப்பெயர் வைக்கிறவர்களுக்குக் கூச்சநாச்சம் ஏது? அவளும் கொஞ்ச நாள் முறைத்துப் பார்த்தாள். பிறகு அதையே பலகையில் எழுதி, பக்கத்தில் 'கல்யாண மேக்கப்' என்றும் சேர்த்து மாட்டிவிட்டாள்.

பெயர் சும்மா வரவில்லை. கல்யாணத்துக்கு மேக்கப் போட வேண்டும் என்று யார் வந்தாலும், நாள் குறிப்பதற்கு முன்னால் ஒரு வெள்ளோட்டம் வைப்பாள். அதில் பாதி முகத்துக்குத்தான் போடுவாள். நெற்றி நடுவில் ஆரம்பித்து மூக்கு வழியாக மோவாய் வரை ஒரு கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் கல்யாணப் பெண், அந்தப் பக்கம் இப்போதுதான் தூங்கி எழுந்த பெண். அப்படியே எழுப்பி ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்துவாள். தெருவில் இறங்கி வெயிலில் நடந்துவிட்டு வரச் சொல்லுவாள். கீழே தையல்காரர் ஊசியில் நூல் கோத்தபடியே எட்டிப் பார்த்து, "வலது பக்கம் பாஸ். இடது பக்கத்தை நாளைக்கு வரச் சொல்லும்மா" என்பார்.

கடைசியாக ஃப்ளாஷ் போட்ட ஒரு பழைய கேமராவில் நாலு படம். அந்தக் கேமராவுக்கு அவள் வைத்த பெயர் ஜட்ஜையா. "கண்ணாடி நம்ம முகத்துக்கு எதிர்ல ஒண்ணு பேசும், முதுகுக்குப் பின்னால ஒண்ணு பேசும். ஜட்ஜையாகிட்ட அந்தப் பேச்சே கிடையாது" என்பாள். ஜட்ஜையா சரி என்று சொன்ன பிறகுதான் நாள் குறிப்பாள்.

அறையும் அவளை மாதிரியே ஒரு தினுசு. நடுவில் இருக்கும் நாற்காலி ஒரு பல் டாக்டர் கடையை மூடியபோது வாங்கியது. மேலே கீழே ஏறும் இறங்கும், தலை சாய்க்கத் தோதாக இருக்கும். ஒரே தொல்லை, அதில் உட்கார்ந்ததும் பாதிப் பேர் தானாக வாயைத் திறந்துவிடுவார்கள். "மூடுங்க, உதட்டுக்கு இன்னும் நேரமிருக்கு" என்பதுதான் அவள் தொழிலில் அதிகம் சொல்லும் வாக்கியம். யாராவது "ரெண்டு மடங்கு வெளுப்பாக் காட்டணும்" என்று கேட்டால் மட்டும் மூக்குக்கு மேலே கோபம் வரும். "வெள்ளை அடிக்கறது சுவத்துக்குங்க. பெயிண்டர் நம்பர் தரட்டுமா?" என்று கேட்டுவிடுவாள். இந்த வாயை வைத்துக்கொண்டு எப்படிப் பிழைக்கிறாள் என்று தையல்காரருக்கு இன்றுவரை ஆச்சரியம்.

ஒரு சனிக்கிழமை காலை, படியேறி அக்கா தங்கை இரண்டு பேர் வந்தார்கள். கல்யாணம் தங்கைக்கு. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிற, எதற்கெடுத்தாலும் சிரிக்கிற பெண். அக்கா கணக்கு டீச்சர். கையில் நோட்டு, காதோரம் சிவப்புப் பேனா.

"உக்காருங்க டீச்சர்."

"நான் டீச்சர்னு எப்படித் தெரியும்?"

"காதுல பேனா வெச்சுக்கிட்டு யாரு கல்யாண வேலைக்கு வருவாங்க?"

தங்கை சிரித்தாள். டீச்சர் சிரிக்கவில்லை. நோட்டைத் திறந்தாள். இருபது கேள்வி, கேள்விக்கு அஞ்சு மார்க். இதற்கு முன் மூன்று மேக்கப்காரர்கள் பரீட்சை எழுதி ஃபெயிலாகியிருந்தார்கள். முதல் ஆள் காட்டிய படங்களில் எந்த முகத்திலும் தோல் என்ற ஒன்றே இல்லை, எல்லாம் போனிலேயே வழித்து எடுத்தது. இரண்டாவது ஆள் முந்தின முகத்துக்குப் போட்ட பிரஷைத் துடைக்காமல் இந்த முகத்துக்குக் கொண்டுவந்தாள். மூன்றாவது ஆள் எல்லாம் பேசினாள், "உன் தோலுக்கு எதுவும் ஒத்துக்காதா" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அரைமுகத்தக்கா கேட்டாள். காதுக்குப் பின்னால் துளி தடவி, கால் மணி நேரம் காத்திருந்தாள். மண்டபத்தில் எந்த நிற விளக்கு, கல்யாணம் காலையிலா மாலையிலா, பெண் சந்தோஷத்தில் அழுகிற ரகமா சிரிக்கிற ரகமா, எல்லாம் கேட்டாள். கழுவிக் காயவைத்த பிரஷ்களைக் காட்டினாள். கேட்டுக்கொண்டே வலது பாதி முகத்துக்கு மேக்கப் போட்டாள். டீச்சர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். அஞ்சு, அஞ்சு, நாலு, அஞ்சு என்று மார்க் விழுந்தது.

"பத்தொன்பது கேள்வி முடிஞ்சுது. தொண்ணூத்தி ரெண்டு" என்றாள் டீச்சர். குரலில் முதல் தடவையாகக் கொஞ்சம் ஈரம். தங்கையின் கன்னத்தைக் கிட்டத்தில் பார்ப்பதற்காகக் குனிந்தாள். ஜன்னல் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது.

இடது புருவத்தில், கோடி பக்கம், அரிசி அகலத்துக்கு ஓர் இடைவெளி.

அரைமுகத்தக்காவின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. முகம் மறக்கும், பெயர் மறக்கும். தன் கையால் பென்சில் பிடித்து நிரப்பிய புருவம் எப்படி மறக்கும்?

பதினாலு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு வயது இருபத்தொன்று. ஒரு அழகு நிலையத்தில் வேலை. அன்றைக்கு முதலாளியம்மாவுக்குக் காய்ச்சல், கல்யாணப் பெண்ணுக்கு மேக்கப் போட இவளை அனுப்பிவிட்டாள். இவளுக்குத் தலைகால் புரியவில்லை. பெண் வேர்க்கக்கூடாது, அதுதான் அவள் கவலை. புதிதாக வந்திருந்த ஒரு வெள்ளைப் பவுடரைக் கண்ணுக்குக் கீழே, மூக்குக்குப் பக்கத்தில், மோவாயில் எல்லாம் அழுத்தி அழுத்திப் போட்டாள். கண்ணாடியில் பெண் தேவதை மாதிரி இருந்தாள். வீடே மெச்சியது. இவள் கால் தரையில் படாமல் திரும்பி வந்தாள்.

அந்தப் பவுடருக்கு ஒரு குணம் உண்டு. கண்ணுக்குத் தெரியாது, ஃப்ளாஷ் வெளிச்சம் பட்டால் வெள்ளை வெளேரென்று திருப்பி அடிக்கும். தொழிலில் பழுத்தவர்களுக்குத் தெரியும், இவளுக்குத் தெரியாது. படம் பிடித்தவர் பார்த்தாரோ இல்லையோ, வாயைத் திறக்கவில்லை. ஆல்பம் வந்தபோதுதான் தெரிந்தது. பக்கத்துக்குப் பக்கம், மாவு மில்லில் முழு நாள் வேலை பார்த்துவிட்டு நேராக மேடையேறிய மாதிரி ஒரு பெண்.

அந்தப் பெண் ஆல்பத்தோடு அழகு நிலையத்துக்கே வந்தாள். முதலாளியம்மா இவளைத் திரைக்குப் பின்னால் தள்ளி, "மூச்சு விடாதே, நான் பேசிக்கறேன்" என்றாள். இவளும் மூச்சு விடவில்லை. வெளியே ஒரு குரல் முதலில் கத்தியது, பிறகு அழுதது, பிறகு போய்விட்டது. அடுத்த மாதமே இவள் அந்த வேலையை விட்டாள். பாதி முகமும் ஜட்ஜையாவும் அதற்குப் பிறகு வந்த பழக்கம். யாராவது காரணம் கேட்டால் "அது என் ஸ்டைல்" என்று பூசி மெழுகிவிடுவாள்.

"இருபதாவது கேள்வி" என்றாள் டீச்சர். நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். அங்கே ஒரு படம் ஒட்டியிருந்தது. மாவு மில்லுப் பெண். "இதுவரைக்கும் இந்த மாதிரி யார் முகத்தையாவது கெடுத்திருக்கீங்களா? இதுக்கு முன்னாடி வந்த மூணு பேரும் இல்லவே இல்லைன்னாங்க."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? டீச்சருக்கு அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும், மேக்கப் போடுகிறவள் முகத்தை யார் பார்க்கிறார்கள்? கண்ணை மூடு என்று சொல்வதே அவள்தானே! 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் அஞ்சு மார்க் விழும், கல்யாணம் கைக்கு வரும், கதை முடியும். சொல்லிவிடத்தான் நினைத்தாள். நாக்கு வரைக்கும் வந்தும்விட்டது. ஆனால் பல் டாக்டர் நாற்காலியில் பாதி முகத்தோடு தங்கை நிமிர்ந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்புக்கு முன்னால் பொய் வரவில்லை.

"கெடுத்திருக்கேன் டீச்சர். ஒரே ஒரு முகம்." நோட்டில் இருந்த படத்தைத் தொட்டாள். "இதுதான். அந்தப் பவுடரைப் போட்டது நான்தான்."

டீச்சர் நோட்டை மூடினாள். பேனாவை மூடினாள். தங்கையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

"அக்கா! மீதி முகம்!" என்று தங்கை கத்தியது தெருமுனை வரை கேட்டது.

தையல்காரர் மேலே வந்து பார்த்தார். "என்னம்மா, பாதியிலயே போறாங்க?"

"என் வாயே எனக்கு எமன் அண்ணா" என்றாள் அவள். சொல்லிவிட்டு அதே நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். ஆனால் ஒன்று, அன்று மத்தியானம் என்றைக்கும் இல்லாத மாதிரி அப்படித் தூங்கினாள்.

மூன்று நாள் ஒரு தகவலும் இல்லை. நாலாம் நாள், பள்ளிக்கூடம் விட்ட நேரத்தில், டீச்சர் தனியாகப் படியேறி வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"உன் செருப்பு நீல நிறம்" என்றாள். 'நீங்க' போய் 'நீ' வந்திருந்தது.

"என்ன டீச்சர்?"

"அன்னிக்குத் திரைக்குக் கீழ உன் செருப்பு தெரிஞ்சுது. நீ பின்னாடி நிக்கறேன்னு எனக்குத் தெரியும். உங்க முதலாளியம்மாகிட்டயா நான் அவ்வளவு நேரம் கத்தினேன்? நீ வெளிய வருவேன்னு நின்னேன். தெரியாம பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பாதிக் கோபம் அங்கயே போயிருக்கும்."

பதினாலு வருஷமாக அரைமுகத்தக்கா நினைத்து நினைத்து வெட்கப்பட்டது பவுடரை. டீச்சர் மனதில் தைத்திருந்தது செருப்பு!

"தெரியாமத்தான் பண்ணினேன் டீச்சர். ஆனா ஒளிஞ்சது தெரிஞ்சே ஒளிஞ்சேன். ரெண்டுக்கும் சேர்த்து மன்னிச்சுக்கோங்க."

டீச்சர் நோட்டைத் திறந்து எதையோ எழுதினாள். "இருபதாவது கேள்விக்கு மூணு மார்க். உண்மையைச் சொன்னதுக்கு அஞ்சு, லேட்டா வந்ததுக்கு ரெண்டு குறைச்சிருக்கேன். மொத்தம் தொண்ணூத்தஞ்சு. தங்கச்சி கல்யாண மேக்கப் உனக்குத்தான்." நோட்டை மூடிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரர் கல்யாணம் ஆன வாரமே கூடத்துல ஒரு ஆணி அடிச்சார், கல்யாண போட்டோ மாட்ட. இன்னி வரைக்கும் அதுல குடைதான் தொங்குது. போட்டோன்னாலே நான் கேமராவுக்கு அந்தப் பக்கம் போயிடுவேன். 'குடுங்க, நான் எடுக்கறேன்'னு வாங்கிடுவேன். எங்க வீட்டுப் படம் எதுலயும் நான் இல்லை. ஒண்ணு ரெண்டுல மட்டும் ஓரமா என் கட்டைவிரல் இருக்கும்."

அரைமுகத்தக்கா நாற்காலிப் பக்கம் போனாள். நாற்காலியின் மிதியை அழுத்தினாள். அது 'உஸ்' என்று கீழே இறங்கியது. டீச்சர் அதைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் வாயைத் திறந்தாள்.

"மூடுங்க டீச்சர், உதட்டுக்கு இன்னும் நேரமிருக்கு."

பாதி முகம் முடிந்தது. புருவத்து இடைவெளியை நிரப்பப் பென்சிலை எடுத்தபோது டீச்சர், "அது அப்படியே இருக்கட்டும், அது நான்தானே" என்றாள். பிறகு ஜட்ஜையா வந்தார். ஃப்ளாஷுக்கு டீச்சர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்க மூடினாள். மூன்று தடவை மூடினாள். நாலாவது தடவை மூடவில்லை. கேமராவின் சின்னத் திரையில், அவளுடைய சொந்த மாநிறத்தில், பளபளவென்று ஒரு பாதி முகம்.

"ஜட்ஜையா என்ன சொல்றார்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அப்பீலுக்கே இடமில்லைங்கறார்."

கல்யாணத்தன்று அரைமுகத்தக்கா இரண்டு முகங்களை முழுசாகப் போட்டாள். தங்கை எதிர்பார்த்தபடியே சிரிக்கிற ரகம், கண் மை தப்பித்தது. மேடையில் குடும்பப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். எல்லாரும் தோளோடு தோள் நெருக்கி நின்றார்கள். டீச்சரின் கை பழக்க தோஷத்தில் அடுத்தவர் போனை நோக்கி நீண்டது. "குடுங்க, நான்..." என்று ஆரம்பித்தாள்.

ஓரத்தில் பவுடர் பெட்டியோடு நின்ற அரைமுகத்தக்கா பாய்ந்து வந்து அந்தப் போனைப் பிடுங்கினாள். "யாரும் எதையும் குடுக்க வேண்டாம். டீச்சர், போய் உங்க வீட்டுக்காரர் பக்கத்துல நில்லுங்க."

டீச்சர் போய் நின்றாள். அவள் கணவர், ஆறடி உயரம், அதிகம் பேசத் தெரியாத மனிதர், சட்டையைச் சரிசெய்துகொண்டு, "நான் இன்னும் கொஞ்சம் நிமிந்து நிக்கணுமா?" என்று கேட்டார். அத்தனை ஃப்ளாஷும் ஒன்றாக அடித்தன. டீச்சர் கண்ணை மூடவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு பெண்ணுக்குப் பாதி முகம் போட்டுக்கொண்டிருக்கும்போது அரைமுகத்தக்காவின் போனில் ஒரு படம் வந்தது. ஒரு கூடத்துச் சுவர். சுவரில் சட்டம் போட்ட புதுப் போட்டோ, அதில் தங்கை கல்யாண மேடையில் டீச்சரும் அவள் கணவரும் மட்டும். கீழே ஒரு வரி எழுதியிருந்தது.

"குடைக்கு வேற ஆணி அடிச்சாச்சு."