விரல் பட்ட வசனம்

எந்த முடிவானாலும் கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்து, விரல் படும் வசனத்தைக் கர்த்தரின் பதிலாக எடுத்துக்கொள்வது என் வழக்கம். சென்ற வருடம் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து விஜயநகரில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்ததும் கணவருக்கு நெஞ்சை அடைத்தது. சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது.

“கேஸ் டிரபிள்தான், விடு” என்றார்.

வேதாகமத்தைத் திறந்தேன். பயப்படாதே என்ற வசனத்தில் விரல் நின்றது. நிம்மதியாகக் கஷாயம் வைத்து எடுத்து வந்தால், அவர் உதடு வெளுத்திருந்தது. கல்லூரியில் படிக்கும் மகள் அதற்குள் ஆட்டோவை அழைத்திருந்தாள்.

“வசனம் வந்திருக்கும்மா, கொஞ்சம் பொறு” என்றேன்.

“அம்மா, வேதாகமத்துல பவுல் கூடவே லூக்கான்னு ஒரு டாக்டர் இருந்தாரல்லவா? அப்பாவுக்கு மட்டும் டாக்டர் வேண்டாமா? பேக வா, சீக்கிரம்!” என்று கன்னடமும் தமிழுமாகக் கத்தினாள்.

இருவருமாக அவரைத் தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினோம். ஆட்டோவில் அவர் தலை என் தோளில் சரிந்தது. “இயேசப்பா” என்பதற்கு மேல் எனக்கு ஜெபம் வரவில்லை.

மாரடைப்பு. அன்றே ஸ்டென்ட் வைத்தார்கள். “இன்னும் லேட் பண்ணியிருந்தா கஷ்டம்” என்றார் டாக்டர்.

இப்போது தினமும் ஓர் அதிகாரத்தை முழுதாக வாசிக்கிறேன். முடிவெடுக்கும்போது விவரம் தெரிந்தவர்களையும் கேட்கிறேன். உடம்புக்கு ஏதாவது என்றால், ஆட்டோவில் ஏறிய பிறகுதான் ஜெபத்தைத் தொடங்குகிறேன்.