மாதாவின் காலடியில் முதலாம் இடம்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஞாயிறு மாலைகளில் தொலைக்காட்சியில் வந்த ஆங்கிலப் பாட்டு நிகழ்ச்சி ஒன்றை, நார்த்மீட் வீட்டில் மகளோடு இருந்து யூடியூப்பில் பார்த்தேன். அந்த வாரத்துப் பாட்டுகளைக் கீழிருந்து எண்ணிக்கொண்டு வந்து, கடைசியில் முதலாம் இடத்தைப் போடுவார்கள். அந்த முதலாம் இடப் பாட்டை மட்டும் சின்ன வயதில் நான் ஒருநாளும் கேட்டதில்லை, பார்த்ததுதான்.

இலங்கையிலிருந்து வந்து நாங்கள் குடியேறிய பரமட்டாவில், இப்போது இடித்து அடுக்குமாடி எழுப்பிவிட்ட எங்கள் பழைய பிளாட்டில், மாதா சுரூபம் தொலைக்காட்சிப் பெட்டியின் மேலேதான் இருந்தது, வேறு இடமில்லை. முதலாம் இடம் வரும் நேரம் பார்த்து அப்பா செபமாலையோடு வந்து, "சத்தத்தைக் குறையுங்கோ பிள்ளை" என்பார். அணைக்க விடமாட்டார், அந்தக் கிழட்டுப் பெட்டி திரும்பச் சூடேறிப் படம் காட்டுவதற்குள், அடுத்து வரும் செய்தியில் இலங்கையைப் பற்றி ஒரு வரி தவறிவிடுமோ என்ற பயம் அவருக்கு. கம்பளத்தில் முழந்தாளிட்டு, ஒவ்வொரு செபத்தின் முதல் பாதியையும் அப்பா சொல்ல மறுபாதியை நாங்கள் சொல்ல, மாதாவின் காலடியில் பளபளச் சட்டைக்காரர்கள் சத்தமில்லாமல் துள்ளுவார்கள், எங்களோடு சேர்ந்து செபிப்பவர்கள் மாதிரி வாயை அசைப்பார்கள்.

இன்று அந்த முதலாம் இடப் பாட்டு முழுச் சத்தத்தோடு வந்தது. யாரோ அந்நியர் வீட்டுக்குள் வந்தது போலிருந்தது. சத்தத்தை நிறுத்தினேன்.

"வொய் மியூட், அம்மா?" என்றாள் மகள்.

பாட்டுக்காரன் வாயைத் திறந்தான். அப்பாவின் குரலில் செபத்தின் முதல் பாதி கேட்டது. மறுபாதியைச் சொல்லி முடிக்காமல் நான் எப்படி அவளுக்குப் பதில் சொல்வது?