கெர்னலில் சுவர் வரும்வரை

ஓய்வு பெற்று கொடைக்கானலில் குடியேறிய எனக்கு மே மாதம் மட்டும் ஆகாது. சீசன் கூட்டம் மேலே ஏறும்போது நான் கீழே மகள் வீட்டுக்கு இறங்கிவிடுவேன். அந்த ஆண்டு இறங்க முடியவில்லை. காரணம் ஒரு கெர்னல்.

பஸ் ஸ்டாண்ட் அருகே பிரவுசிங் சென்டர் நடத்திய பேத்துப்பாறை கிராமத்துப் பெண்ணுக்கு நான் சம்பளமில்லாத ஆலோசகன். அரசு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவை மேய்த்தவன். எதற்கும் ஒரு நடைமுறை வைத்திருப்பேன். அவளுடைய பெரிய வாடிக்கை இரண்டு லாட்ஜுகள். உண்மையில் அது ஒரே லாட்ஜ். அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தியபின் நடுவில் சுவர் எழுப்பிக்கொண்டார்கள். இணையத்தில் தனக்கு வரும் முன்பதிவு மற்றவன் கண்ணில் படக்கூடாது என்பது இருவரின் நிபந்தனை. பட்டால் இருவரும் போய்விடுவார்கள். அவர்கள் போனால் சென்டருக்குப் பூட்டுதான்.

இருவரின் முன்பதிவுத் தளங்களையும் நடத்த அவளிடம் இருந்தது ஒரே சர்வர். கன்டெய்னர் என்ற ஏற்பாட்டால் அதை இரண்டு வீடாக்கினேன். அடியில் எல்லாவற்றையும் இயக்கும் கெர்னல் ஒன்றுதான். ஆனால் ஒரு வீட்டிலிருந்து பார்த்தால் மற்ற வீடு இருப்பதே தெரியாது. லினக்ஸ் கெர்னலில் அந்த வசதி அப்போது முழுதாக இல்லை. வெளியாட்கள் எழுதிய பேட்ச் என்ற ஒட்டுவேலையைச் சேர்த்துத்தான் சுவர் எழுப்ப வேண்டும்.

ஏப்ரலில் இடி விழுந்து சர்வரின் மதர்போர்டு கருகியது. மதுரையிலிருந்து வந்த புதுப் போர்டில் ஹார்ட் டிஸ்க் இருப்பதே பழைய கெர்னலுக்குத் தெரியவில்லை. புதுக் கெர்னலுக்குத் தெரிந்தது. ஆனால் புதுக் கெர்னலில் சுவர் எழுப்பும் ஒட்டுவேலை இன்னும் வரவில்லை. பதிப்பு எண், பிழைச்செய்தி எல்லாம் குறிப்பிட்டு, அதை எழுதுபவர்களுக்கு முறைப்படி மின்னஞ்சல் அனுப்பினேன். கன்டெய்னர் வசதி கெர்னலுக்குள்ளேயே துண்டுதுண்டாகச் சேர்ந்துவருகிறது, நெட்வொர்க்கைப் பிரிக்கும் பகுதி இனிவரும் பதிப்பில் இடம்பெறலாம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. பணியில் இருந்தபோது மனுதாரர்களுக்கு நானும் இப்படித்தான் எழுதுவேன்.

அவள் மறைக்கவில்லை. இருவரையும் வரவழைத்து, மெஷின் ஒன்றுதான், இப்போது அதில் நடுச்சுவர் இல்லை என்று சொல்லிவிட்டாள். ஒரே மெஷினில் எப்படி இரண்டு என்று தம்பி கேட்டார்.

“உங்க லாட்ஜ் மாதிரிதாண்ணே. சொவரு கட்டுனீங்க, மாடியில டேங்க் ஒண்ணுதான?”

அண்ணன் தம்பியைப் பார்க்காமல் சொன்னார். “அந்த டேங்குக்கு மோட்டார் போடுறது யாருன்னுதான் தெனமும் சண்டையே.”

சுவர் வரும்வரை இரண்டையும் யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி எழுந்தது. ஊருக்குப் போகிறேன் என்று நான் தொடங்கினேன்.

“சார் பாக்கட்டும்,” என்றார் அண்ணன். “அவருக்கு எங்க ரெண்டு பேரையுமே பிடிக்காது.”

தம்பி தலையாட்டினார். சுவர் எழுப்பியபின் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் நான்தான்.

மே முழுக்க சென்டரில் சர்வர் முன்னால் ஒரு நாற்காலியில் கிடந்தேன். அண்ணனுக்கு வந்ததை அண்ணனுக்கும், தம்பிக்கு வந்ததைத் தம்பிக்கும் போனில் சொன்னேன். வேறு யாரும் கீபோர்டைத் தொடக்கூடாது. டீ குடிக்கப் போனால் தம்பியின் வாட்ச்மேன் பின்னாலேயே வருவான். ஜன்னலுக்கு வெளியே வத்தலக்குண்டு பஸ்கள் நான் இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தன.

பிறகு ஒருவழியாக அந்தப் பதிப்பு வெளிவந்தது. நிறுவினேன், முறைப்படி சோதித்தேன், சுவர் நின்றது. அடுத்த சீசனுக்கு முன்பே இருவரையும் அழைத்து விடைபெறப் பார்த்தேன்.

“இந்தச் சொவத்த யாரு கட்டுனாங்க?” என்று அண்ணன் கேட்டார். உலகமெங்கும் பலபேர் என்றேன்.

“அவுகள நமக்குத் தெரியாதுங்களே, சார்.”

“சார் இங்கனயே இருக்கட்டும்,” என்றார் தம்பி. “கீழ அவருக்கு என்ன சோலி கெடக்கு?”

மறுநாள் காலை சென்டருக்குப் போனபோது அவள் என் நாற்காலியில் புது மெத்தை ஒன்று போட்டிருந்தாள்.