வேட்டியில் காய்ந்த பாஸ்தா

என் மனைவியின் வலது மணிக்கட்டு முறிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பாசி வழுக்கி விழுந்துவிட்டாள். மாவுக்கட்டு போட்ட டாக்டர் ஆறு வாரம் என்றார். அந்த ஆறு வாரமும் சமையல் என் பொறுப்பு என்று ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே அறிவித்தேன். யாரும் கேட்காத வாக்கை உடனே கொடுத்துவிடுவது என் பழக்கம்.

மூன்று வாரத்தில் அவள் எழுந்து வராமல் ஒரு வேளைச் சாப்பாடும் எங்கள் வீட்டில் முடியவில்லை. உப்புமாவில் நான் உப்பை இரண்டு முறை போட்டபோது வந்தாள். ரசம் பொங்கி அடுப்பை அணைத்தபோது வந்தாள். அரிசியும் பருப்பும் சாதத்துக்குக் குக்கரில் தண்ணீர் விட மறந்து, கருகல் வாசம் வந்த பிறகு ஓடி வந்தாள். ஒவ்வொரு முறையும் இடது கையால் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு, முடியாதபோது கட்டுப்போட்ட கையையும் சேர்த்துக்கொண்டாள். மறுபடி காட்டப் போனபோது டாக்டர் வீக்கத்தைப் பார்த்துவிட்டு, "கைய அசைச்சுட்டே இருக்கீங்களாம்மா?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். டாக்டரும் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த எலும்புப் படத்தைப் பார்த்தேன்.

செய்தி கொடுமுடிக்குப் போயிற்று. அங்கே அவள் அண்ணன் இருக்கிறார். சிங்காநல்லூரில் லேத்துப் பட்டறை வைத்து முப்பது பேரிடம் ஜோக் சொல்லிப் பிழைக்கிற நான், சிரிக்க வைக்க முடியாத ஒரே மனிதர் அவர். போன் செய்தார்.

"மாப்ள, ஞாயித்துக்கெழம பொழுதோட ஏழு மணிக்கு வாரேனுங்க. தங்கச்சியக் கூட்டிட்டுப் போயி, கட்டுப் பிரிக்கற வரைக்கும் எங்கூட்டுல வெச்சுக்கறேன்."

"மச்சான், என்னையும் சேத்திக் கூட்டிட்டுப் போயிருங்க."

அவர் சிரிக்கவில்லை. நிதானமாகச் சொன்னார்: "அவ எந்திரிக்காம ஒரு வேள முழுசாச் சாப்புட்டாள்னா, நான் வந்த வழியே திரும்பிப் போயர்றேன். என்ர கண்ணு முன்னால சாப்புடோணும். அவ்வளவுதானுங்க."

போனை வைத்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. மூன்று வாரம் பட்டினி கிடப்பதைப் பற்றிய பயம் அல்ல. தெருவுக்கு நாலு மெஸ் இருக்கிறது. இருபத்தாறு வருடமாக என் ஒவ்வொரு ஜோக்குக்கும் "சும்மா இருங்க" என்று சொல்ல ஓர் ஆள் வீட்டில் உண்டு. அந்த ஆள் இல்லாத வீட்டில் மூன்று வாரம் நான் யாரிடம் பேசுவது? தண்ணீர் மோட்டாரிடமா?

அவளிடமே கேட்டேன். "உனக்குப் போகோணுமா அம்மணி?"

"எனக்கு எந்திரிக்காம ஒரு வேள சாப்புடோணுமுங்க. அது எந்த ஊட்டுல நடந்தாலும் செரி."

என்ன வேண்டும் என்று கேட்டேன். யோசித்துச் சொன்னாள். சோறு என்றால் இடது கையால் தொட மனசு வரவில்லை. ஸ்பூனால் அள்ளினால் ஆஸ்பத்திரி நினைப்பு வருகிறது. நான் ஊட்டிவிட்டால் கோபம் வருகிறது. எங்கள் மகள் கொச்சியில் வேலை பார்த்தபோது ஒரு முறை ஹோட்டலுக்குக் கூட்டிப்போய் இறாலும் கணவாயும் போட்ட பாஸ்தா வாங்கிக் கொடுத்தாளாம். "அதச் செய்யுங்க. முள்கரண்டிய எடது கையில புடிச்சாத்தான் அதுக்கு மொறையாமா."

எங்கள் வீட்டில் ஆடு தெரியும், நாட்டுக்கோழி தெரியும். கடல் எங்களுக்கு ராமேசுவரம் போனால் குளிக்கிற இடம். நான் சிரித்துக்கொண்டே சரி என்றேன். சிரிப்பு முகத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டதை அவள் கவனித்திருப்பாள்.

ஞாயிறு காலை உக்கடம் மீன் மார்க்கெட்டில் அரைக் கிலோ இறாலும் கால் கிலோ கணவாயும் வாங்கினேன். கணவாயை உரித்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தவர், "வளையமா வெட்டட்டுங்களா?" என்றார். பழக்கப்பட்டவன் போலத் தலையசைத்தேன். பையை வாங்கியதும் அந்த வேஷம் கலைந்துவிட்டது.

"ஏனுங்க, இதுக்கு எத்தன விசிலுங்க?"

அவர் கத்தியைக் கீழே வைத்தார். பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு, "அண்ணா, கணவாய்க்கு எத்தன விசிலுன்னு கேக்கறாரு" என்றார். அவர் அதற்கடுத்த கடைக்காரரிடம் சொன்னார். அந்த வரிசை முழுவதும் செய்தி போய்ச் சேர்வதற்குள் நான் வண்டியை எடுத்துவிட்டேன்.

இப்போது பெங்களூரில் இருக்கிற மகள் போனில் படிப்படியாகச் சொன்னாள். இறாலுக்கு இரண்டு நிமிடம், கணவாய்க்கும் இரண்டு நிமிடம், அதற்கு மேல் போனால் ரப்பர். பாஸ்தாவைக் கடைசியில் வேகவைக்க வேண்டும். எல்லாவற்றையும் சீட்டில் எழுதிக்கொண்டேன். கடைசி வரியை மட்டும் என் அறிவு ஏற்கவில்லை. பட்டறையில் அவசர வேலை என்றால் உதிரிகளை முந்தின நாளே கடைந்து வைத்துவிடுவோம். மச்சான் ஏழு மணிக்கு வருகிறார். கடைசி நேரத்தில் ஒரு வேலையா இரண்டு வேலையா? நாலு மணிக்கே நீளமான பாஸ்தாவை வேகவைத்து வடித்தேன்.

வடித்ததைப் பார்த்தால் அரிசியில் பிழிகிற சந்தகைச் சேவை மாதிரியே இருந்தது. எங்கள் வீட்டில் சந்தகை பிழிந்தால் வெள்ளைத் துணியில் பரப்பிக் காற்றாட விட்டு, உதிரி உதிரியான பிறகுதான் தாளிப்பது. எனக்கு ஒரு பெரிய கண்டுபிடிப்பைச் செய்துவிட்ட மகிழ்ச்சி. பீரோவிலிருந்து கல்யாணங்களுக்குக் கட்டுகிற வேட்டியை எடுத்தேன். கட்டிலில் விரித்து, பாஸ்தாவை இழை இழையாகப் பரப்பி, மின்விசிறியை ஐந்தில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

ஆறு மணிக்குத் திறந்தேன். பாஸ்தாவும் வேட்டியும் ஒன்றாகியிருந்தன. ஓர் இழையை இழுத்தால் வேட்டி எழுந்து வந்தது. இன்னும் பலமாக இழுத்தேன். இழை ஒடிந்து பாதி என் கையிலும் பாதி ஜரிகையிலும் நின்றது. மொத்தத்தையும் தூக்கிப் பிடித்தபோது கோரைப்பாய் மாதிரி விறைத்து நின்றது.

கூடத்திலிருந்து குரல் வந்தது. "ஏனுங்க, என்ன சத்தத்தையே காணோம்?"

"ஒண்ணுமில்ல அம்மணி. எல்லாம் பக்குவமா இருக்குது."

"நான் வரட்டுங்களா?"

"வேண்டாம்" என்று நான் சொன்ன குரல் பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். அறை வாசல்படியில் நின்று இரண்டு கையையும் விரித்து மறித்தேன். அவள் நாற்காலியிலேயே இருந்தாள். என் கையில் இருந்த வேட்டியைப் பார்த்தாள்.

"சந்தகையாக்கும்னு நெனச்சீங்களா?"

வேட்டியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"அரிசிதாங்க உதிரும். இது கோதும. ஒட்டத்தான் செய்யும்." சிரிக்காமல் சொன்னாள். பிறகு கட்டுப்போட்ட கையால் வாயை மறைத்துக்கொண்டு, தோள் குலுங்க வெகுநேரம் சிரித்தாள். மூன்று வாரமாக நான் சொன்ன எந்த ஜோக்குக்கும் அவள் அப்படிச் சிரித்திருக்கவில்லை.

முக்கில் இருக்கிற கடைக்கு வண்டியில் பறந்தேன். நீளமான பாஸ்தா இல்லை, குழல் குழலாக இருந்ததுதான் இருந்தது. வாங்கிக்கொண்டு திரும்பினால் வாசலில் மச்சானின் கார் நின்றது. மணி ஆறே முக்கால். எங்கள் ஆட்கள் நேரத்துக்கு முன்னால் வருவதை ஒரு மரியாதையாகவே வைத்திருக்கிறார்கள்.

"வாங்க மச்சான்."

"வந்துட்டேனுங்க." சாப்பாட்டு மேசையில் தங்கைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். கையில் அவளுடைய எக்ஸ்ரே இருந்தது.

தண்ணீர் கொதித்தது. குழல்களைக் கொட்டினேன். பக்கத்து அடுப்பில் செக்குக் கடலை எண்ணெயில் பூண்டும் சின்ன வெங்காயமும் வரமிளகாயும் வதக்கி, தக்காளியைப் பிழிந்துவிட்டேன். மகள் ஆலிவ் எண்ணெய் என்று சொல்லியிருந்தாள். வேட்டிக் களேபரத்தில் அது என் நினைவிலேயே இல்லை. மஞ்சள் போட்டுக் கழுவிய இறாலையும் கணவாயையும் போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன்.

இரண்டு நிமிடம் ஆயிற்று. எனக்கு மனசு வரவில்லை. இரண்டு நிமிடத்தில் எங்கள் வீட்டில் ஆட்டுக்கறி சூடுகூட ஆகாது. வேகாமல் மச்சானுக்கு வயிற்றைக் கெடுத்தால், தங்கையோடு என் மானத்தையும் காரில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். இன்னொரு நிமிடம் விட்டேன். பயத்துக்காக மேலும் ஒரு நிமிடம். கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தேன்.

"எறக்குங்க" என்றாள் அவள், கூடத்திலிருந்து.

"வெந்துருச்சா?"

"தண்ணிச் சத்தம் நின்னு எண்ணெச் சத்தம் வந்து நேரமாச்சுங்க. எறக்குங்க."

எழுந்திருக்கக் கூடாது என்றுதான் பேச்சு. காதையும் வாயையும் பற்றி மச்சான் நிபந்தனை எதுவும் போடவில்லை. இறக்கினேன். குழல்களை வடித்து அதில் கொட்டிப் புரட்டினேன்.

"ஆறினா நல்லா இருக்காதுப்பா, உடனே எல்லாரும் சாப்பிடணும்" என்று மகள் சொல்லியிருந்தாள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு சாப்பாடு நடந்ததே இல்லை. வந்தவருக்கு முதலில், பிறகு வீட்டு ஆண்களுக்கு, எல்லாரும் கை கழுவிய பிறகு ஆறிப்போனது அவளுக்கு. அவளும் அதை ஒரு குறையாகச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. தட்டைக் கையில் எடுத்ததும் கால் தானாக மச்சான் பக்கம்தான் திரும்பியது. திருப்பிக்கொண்டு அவள் முன்னால் வைத்தேன். மச்சான் அந்தத் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடுத்ததை அவருக்கு வைத்தேன்.

அவள் இடது கையில் முள்கரண்டியைப் பிடித்து ஒரு குழலைக் குத்தினாள். நழுவியது. மறுபடி குத்தி வாயில் வைத்தாள். ஆவி பறந்தது. மூன்றாவது வாய் எடுக்கும்போது மச்சான் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "அம்மணி, தண்ணி" என்றார்.

சோதிக்கவெல்லாம் இல்லை. வெறும் பழக்கம். அவளுக்கும் பழக்கம், நாற்காலி பின்னால் நகர்ந்துவிட்டது. இடது கை மேசையில் ஊன்றியிருந்தது. நான் சமையலறை வாசலில் சூடான வாணலியோடு நின்றேன். கீழே வைக்க இடமில்லை. வாணலியைத் தூக்கிக்கொண்டே சொம்புப் பக்கம் ஓரடி வைத்தேன். 

அவள் முக்கால்வாசி எழுந்தவள், மெதுவாக உட்கார்ந்தாள். நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"அண்ணா, சொம்பு அந்த ஸ்டூலு மேல இருக்குது பாருங்க. எனக்கும் ஒரு டம்ளர் ஊத்திட்டு வாங்க."

மச்சான் நிமிர்ந்தார். சொம்பைப் பார்த்தார். எழுந்து போய் இரண்டு டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்தார். ஒன்றை அவள் இடது கைப் பக்கமாகப் பார்த்து வைத்தார். பிறகு உட்கார்ந்து ஒரு கணவாய் வளையத்தை வாயில் போட்டார். மென்றார். வெகுநேரம் மென்றார்.

"மாப்ள, இது மெல்ல மெல்ல வளந்துட்டே போகுதுங்களே."

"அது நாலு நிமிசம் வெந்ததுங்க மச்சான்."

அவர் வாய் ஓரமாகச் சற்றே கோணியது. சிரிப்பு என்று சத்தியம் செய்யமாட்டேன்.

அவள் தட்டைக் கிட்டத்தட்டக் காலி செய்தாள். இறாலை ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. கணவாயை மட்டும் ஓரமாக ஒதுக்கியிருந்தாள். "இன்னங் கொஞ்சம் போடுங்க" என்று தட்டை நீட்டினாள். போட்டேன். அதையும் சாப்பிட்டாள்.

கை கழுவிவிட்டு மச்சான் கார் சாவியை எடுத்தார். "கட்டுப் பிரிக்கற அன்னிக்கி வாரேன் அம்மணி" என்று அவளிடம் சொன்னார். வாசல் வரை போய்த் திரும்பி, "மாப்ள, அந்த ரப்பர மட்டும் மறுபடி செஞ்சுபோடாதீங்க" என்றார்.

வண்டி கிளம்பிய சத்தம் கேட்டது. நான் உள்ளே வந்தேன். அவள் கணவாய் மட்டும் மிஞ்சிய தட்டுக்கு முன்னால் அதே நாற்காலியில், அதே மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க, இப்ப எந்திரிக்கலாமுங்களா?"

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன்.

"இரு அம்மணி. காரு முக்குத் திரும்பட்டும்."